நிரப்பி வைத்த முகவரி

திருநெல்வேலியில், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன ஆபீஸில் தமயந்திதான் குரு. சீடர் இருதயராஜ் அவளைவிட மூத்தவர். டைப்பிங் கிளாஸை இழுத்து மூடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மேடம் என்பார்.

அன்று அண்ணாச்சிக்கு ஒன்றுமே ஓடவில்லை. நாகர்கோவிலில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் கேட்டு அனுப்பிய தகவல், உள்ளூர் ரத்த வங்கியை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. நர்ஸ் ஒருத்தி போனில் கூப்பாடு போட்டு ரத்தம் வரவழைத்ததால் அந்தப் பெண் பிழைத்தாள். மறுநாள் காலை இன்னொருத்திக்கு ஆபரேஷன். அதற்குள் நேரில் போய்ச் சரிசெய்தாக வேண்டும்.

அவர் செய்தது இவ்வளவுதான். மென்பொருளின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் கான்ஃபிக் ஃபைலில், ரத்த வங்கியின் முகவரி வர வேண்டிய இடத்தில் @முகவரி@ என்று ஒரு குறி இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் பில்டு ஓடும்போது, அது அந்தக் குறியைத் தேடி எடுத்துவிட்டு, அந்தந்த ஊர் முகவரியை அங்கே வைக்கும். இப்படி மொட்டையாகக் கிடக்கிறதே என்று பாவப்பட்டு, அண்ணாச்சி குறியை அழித்துத் தூத்துக்குடி முகவரியையே எழுதிவிட்டார். தூத்துக்குடியில் ஜோராக ஓடியது. நாகர்கோவிலுக்குப் பில்டு போட்டபோதும் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. பிறகு எங்கேதான் தப்பு? மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. நாகர்கோவில் வண்டி நிற்பதற்குள் அண்ணாச்சி ஓடிப்போய், தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டார். முண்டியடித்து ஏறியவர்கள் துண்டைப் பார்த்து முனகினார்களே தவிர, யாரும் உட்காரவில்லை. தமயந்தி நிதானமாக ஏறி, துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மறுபடி ஆரம்பித்தார்.

"சும்மா கிடந்த இடத்துலதான மேடம் எழுதுனேன்? மிஷினும் சரின்னுதான சொல்லிச்சு?"

"துண்டுக்குப் பதிலா வேற யாரையாவது உட்கார வச்சிருந்தா, அண்ணாச்சி?"

"அப்போ நீங்க எங்க உட்காருவீங்க?"

"கண்டக்டர் என்ன செய்வார்?"

அவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"சீட்டுல ஆள் இருக்கு. அவருக்கு அது போதும், விசில் குடுத்துருவார். நான்தான் கீழ நிப்பேன்."

இருதயராஜ் கையிலிருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வள்ளியூர் தாண்டும்போது, பிழைத்த அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.