ஒன்று விட்டு ஒன்று

தூத்துக்குடியில் தபால்தலை சேர்ப்பவர்கள் இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் பிலோமினாவை டீச்சர் என்று அழைத்தார்கள். இருபதாவது ஆள் பிலோமினா.

அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. மாதா கோவிலில் சாமியார்கள் அணியும் பூசை உடுப்புகளுக்குச் சித்திரத் தையல் போடுவது அவர் தொழில். வயது நாற்பத்தாறு. தபால்தலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். அதனால்தான் அந்தப் பட்டம் வந்தது என்பார்கள்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவரான ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. ரசாயன ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உப்பைச் சோதித்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினாறு வயது இளையவரிடம் மாணவராக இருப்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. உப்புக்கு வயது கிடையாது, சுத்தம்தான் உண்டு என்பார்.

புரட்டாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து டீச்சர் வீடு திரும்பும் நேரம் பார்த்து, அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து மூன்று ரிங் ஃபைல்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"எது நல்லது டீச்சர்? என் தபால்தலைகளை இதுல மாத்தணும். பன்னிரண்டு ஃபைல் வேணும். விலை கையைக் கடிக்கக் கூடாது. பொருளும் காலை வாரக் கூடாது."

"நீங்க பாத்துட்டுத்தானே வந்திருப்பீங்க அண்ணாச்சி?"

"பாத்தேன். இது சென்னையில இருந்து வரவழைச்சது. தோல் மாதிரி அட்டை, மேல ஒரு பெட்டி. குறை சொல்ல ஒன்னுமில்ல. மூணு வாங்கினா என் பென்ஷன் முடிஞ்சுது."

"ரெண்டாவது?"

"உள்ள இருக்க பிளாஸ்டிக் உறை வாடை அடிக்குது. ஒரு பஸ் டிக்கெட்டை உள்ள போட்டு, அரிசி மூட்டைக்கு அடியில இருபது நாள் வச்சேன். டிக்கெட்டுல இருந்த எழுத்து பிளாஸ்டிக்ல ஏறிருச்சு."

டீச்சர் அந்த உறையை மூக்கருகே கொண்டுபோய், உடனே கீழே வைத்தார்.

"மூணாவதுல வளையம் நேருக்கு நேர் சேரல. முடி அகலத்துக்கு ஒரு இடுக்கு நிக்குது. இன்னைக்கு முடி நுழையும், நாளைக்குப் பக்கம் கிழியும்."

"எனக்குச் சொல்லிக் குடுக்கத்தான் வந்தீங்களா?"

"இல்ல டீச்சர். இதெல்லாம் இன்னைக்குச் சோதனை. இந்த உப்புக் காத்துல இருபது வருசம் தாங்குமான்னு கேட்டா, கடைக்காரன் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டேங்கான். இருபது வருசம் வச்சுப் பாக்க எனக்கு ஆயுசு இல்ல. தப்பா வாங்கிட்டு மறுபடி வாங்க வசதியும் இல்ல."

பேசிக்கொண்டே பையின் அடியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். இரண்டு துளை போட்டு நாடாவால் கட்டிய ஃபைல். அவருடைய தபால்தலைகள் இத்தனை காலமும் அப்படித்தான் அலமாரிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. நாடாவை அவிழ்த்து ஒரு பக்கத்தை நீட்டினார். தலைகளின் பல் ஓரங்களில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

"போன மழைக்கு நாலு தலையில வந்துச்சு. இப்ப பதினொன்னு. ஐப்பசி பிறக்கதுக்குள்ள இடம் மாத்தலன்னா இந்த வரிசை தேறாது."

டீச்சர் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தையே பார்த்தார். அது கலங்கரை விளக்கங்களின் வரிசை. முதல் தலை இருந்தது. அடுத்த இடத்தில் பென்சிலால் வரைந்த வெறும் சதுரம். மூன்றாவது இருந்தது; நான்காவது சதுரம். ஐந்தாவது இருந்தது, ஆறாவது சதுரம். அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்ன அண்ணாச்சி, ஆறு வயசுப் பிள்ளை சிரிச்ச மாதிரி இருக்கு?"

ஆவுடையப்பன் பக்கத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க அப்பா ஹார்பர்ல எழுத்தர். கப்பல் கம்பெனிக் கடுதாசியில வர்ற தலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். வரிசை சேந்ததும் என்னையும் தங்கச்சியையும் உக்கார வச்சு, உனக்கு ஒன்னு, அவளுக்கு ஒன்னுன்னு பிரிப்பார். அவருக்குச் சண்டை ஆகாது."

"சண்டை வரலியே?"

"இன்னைக்கு வரைக்கும் நடக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. "தங்கச்சி எந்த ஊரு?"

"இதே ஊருதான். எங்க வீட்டுல இருந்து மூணாவது தெரு. ஒரு கண்காட்சிக்கு வைக்க அவ பாதியைக் கேட்டேன். உன் பாதியை நீ குடு, நான் வைக்கேன்னா. ஒன்பது வருசமாச்சு. கல்யாண வீடு, காரியத்து வீட்டுல பாத்தா, மச்சான் வழியாத்தான் பேச்சு."

டீச்சர் தையல் சட்டத்தின் முன் அமர்ந்தார். வெள்ளைப் பட்டில் பாதி முடிந்த கோதுமைக் கதிர் ஒன்று இருந்தது. ஊசியில் பொன்னிற நூலைக் கோத்தபடியே கேட்டார்.

"உங்க ஆய்வுக்கூடத்துல, உப்புச் சாக்கு நல்ல சாக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்கு முறை இருக்கு. ஒரே பாத்தி உப்பை எடுத்து, ரெண்டு விதச் சாக்குல போட்டு, ரெண்டு இடத்துல வைப்போம். வருசம் கழிச்சுப் பிரிச்சா எது ஈரம் வாங்குச்சு, எது வாங்கலன்னு உப்பே சொல்லிரும்."

"ஒரே பாத்தியா இருக்கணுமா?"

"இல்லன்னா சோதனையே இல்லியே டீச்சர். வித்தியாசம் உப்புலயா, சாக்குலயான்னு எப்படித் தெரியும்?"

"தபால்தலைக்கு அப்படி ஒரு சோதனை வைக்கணும்னா?"

"ஒரே வரிசையை ரெண்டாப் பிரிக்கணும். காகிதம் ஒன்னு, பசை ஒன்னு, மை ஒன்னு. ரெண்டு வீட்டுல வைக்கணும். ஊரும் ஒன்னா இருக்கணும், காத்து மாறக் கூடாது பாருங்க. அம்பது வருசம் விட்டுட்டுப் பாக்கணும்." அவர் கையை விரித்தார். "யாரால முடியும்?"

டீச்சர் ஊசியின் காதால் மேசைமேலிருந்த பக்கத்தைத் தொட்டார். இரண்டாவது சதுரத்தை. பிறகு நான்காவதை. பிறகு ஆறாவதை.

"உங்க அப்பா ஆரம்பிச்சு வச்சுட்டுப் போயிட்டார் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் பக்கத்தை எடுத்து ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.

"அவ வீட்டுக்கு நான் போறதில்ல டீச்சர்."

"போங்கன்னு சொல்லலியே. முடிவு எங்க இருக்குன்னு சொன்னேன்."

திங்களும் செவ்வாயும் அவர் பொறுத்துக்கொண்டார். புதன்கிழமை சோறு இறங்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் ஒரு சோதனையின் முடிவைப் பாராமல் விட்டதில்லை. வியாழக்கிழமை காலை, உருப்பெருக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கலங்கரை விளக்கப் பக்கத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, மூன்று தெருக்களைக் கடந்தார்.

கதவைத் திறந்த செண்பகம் அண்ணனைப் பார்த்தாள். அவளுடைய கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நடுவில் வைத்துப் பேச ஆளில்லை. அவள் திரும்பிச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"வழி தெரிஞ்சு வந்திருக்காகளா, வழி தப்பி வந்திருக்காகளான்னு கேளு," என்றாள் நாட்காட்டியிடம்.

"ஒரு சோதனை விஷயமா வந்திருக்கேன்னு சொல்லு," என்றார் அவரும் அதே நாட்காட்டியிடம்.

"யாருக்குச் சோதனையாம்?"

"தபால்தலைக்கு. அவ கலங்கரை விளக்க வரிசையை எதுல வச்சிருக்கான்னு பாக்கணும். தொட மாட்டேன்."

நாட்காட்டி ஒன்றும் சொல்லவில்லை. செண்பகம் வழியை விட்டு நகர்ந்தாள்.

கண்ணாடி அலமாரியில் நீலத் துணி ஒட்டிய ரிங் ஃபைல்கள் ஏழு நின்றன. எதுவும் படுத்துக் கிடக்கவில்லை. எதுவும் பிதுங்கவில்லை. அவள் ஒன்றை எடுத்து விரித்தாள். தடித்த காகிதப் பக்கம், அதன்மேல் வெண்ணெய்த்தாள், அதை நீக்கினால் தலைகள். ஆவுடையப்பன் உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்தார். நீலம் நீலமாகவே இருந்தது. பல் ஓரங்கள் அன்று கிழித்தவைபோல் வெண்மையாக இருந்தன.

தாம் கொண்டுவந்த பக்கத்தைப் பிரித்து அதன் அருகே வைத்தார். ஆறு கலங்கரை விளக்கங்களும் ஒரே மேசையில் இருந்தன. அவருடையவை மூன்றும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள்போல் மங்கிப் புள்ளி விழுந்திருந்தன.

அப்போதுதான் அவர் இன்னொன்றைக் கவனித்தார். செண்பகத்தின் பக்கத்தில் வெறுமையான இடங்களுக்குக் கீழே, நூலகச் சீட்டில் எழுதுவதுபோலச் சிறிய எழுத்தில், 'அண்ணனிடம்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும்.

அவர் உருப்பெருக்கியைச் சட்டைப்பையில் போட்டார்.

"எத்தனை வருசமா இந்த ஃபைல்?"

"இருபத்தாறு."

"எந்தக் கடை?"

"பஜார்லதான். கப்பல் ஏஜெண்டு ஆபீசுகளுக்குப் போடுற சாதா ஃபைல். இதுக்குன்னு ஒசத்தியா ஒன்னும் வாங்கல. முக்கால் பங்குக்கு மேல நிரப்ப மாட்டேன். நிமித்தித்தான் வைப்பேன். மாசம் ஒருக்கா வெயில் படாத காத்துல விரிச்சு வச்சு, வளையத்தைத் துணியால துடைப்பேன்." இதையெல்லாம் அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். நாட்காட்டியை இருவரும் மறந்திருந்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முடித்து எழுந்தபோது, செண்பகம் அவருடைய பக்கத்தின்மேல் விரல் வைத்தாள்.

"இது எப்பத்துல இருந்து?"

"போன மழையில இருந்து."

"உன்னுது போச்சுன்னா, என்னுது என்னைக்கும் பாதிதான் அண்ணே."

அவர் பக்கத்தைச் செய்தித்தாளில் சுற்றினார். முதலில் தலைகீழாகச் சுற்றிவிட்டு, மறுபடி பிரித்துச் சுற்றினார்.

"காப்பி?"

"இன்னொரு நாளைக்கு."

அடுத்த ஞாயிறு, டீச்சர் வீட்டுக்கு அவர் வந்தபோது கையில் ஒரே ஒரு புதிய நீல ஃபைல் இருந்தது. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சோதனை அறிக்கை எழுதி முடித்த தெளிவு.

"முடிவு கிடைச்சுருச்சு டீச்சர். அவ வச்சிருக்கதுதான் நல்லது. சந்தேகமே இல்ல. பஜாருக்குப் போனேன். அதே ஃபைல் இன்னைக்கும் வருது. அதே அட்டை, அதே துணி, வளையத்துல அதே முலாம். வாடை பாத்தேன், இல்ல. இடுக்கு பாத்தேன், இல்ல. ரெண்டு நாள் நிமித்தி வச்சேன், பக்கம் தொய்யல."

"நல்லது."

"இதுல ரெண்டு தினுசு இருக்கு. வளையம் மூணு வச்சது, ரெண்டு வச்சது. தரத்துல நூல் அளவு வித்தியாசம் கிடையாது. ரெண்டு வளையம் விலை சல்லிசு. என் பக்கமெல்லாம் ஏற்கெனவே ரெண்டு ஓட்டை போட்டது, அப்படியே எடுத்துக் கோத்துரலாம். மழைக்கு முன்னால வேலையும் முடிஞ்சுரும். பன்னிரண்டுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன், சாயந்தரம் உறுதி பண்ணணும்." ஃபைலை டீச்சர் முன் வைத்தார். "சரிதானே?"

டீச்சர் ஃபைலைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். வளையத்தைத் திறந்து மூடி, சேரும் இடத்தில் ஒரு நூலை ஓட்டிப் பார்த்தார். மேசைமேல் நிமிர்த்தி வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு குறையும் தென்படவில்லை.

பிறகு தையல் சட்டத்தின் முன் போய் அமர்ந்தார். கோதுமைக் கதிரில் இன்னும் நான்கைந்து மணிகள் மிச்சமிருந்தன.

"உங்க தங்கச்சி பக்கத்துல எத்தனை ஓட்டை அண்ணாச்சி?"

"மூணு."

சொன்ன பிறகு ஆவுடையப்பன் ஃபைலைப் பார்த்தார். திறந்திருந்த இரண்டு வளையங்களைப் பார்த்தார்.

டீச்சர் ஊசியைப் பட்டுக்குள் இறக்கி, அடிப்பக்கத்திலிருந்து நூலை மெல்ல இழுத்தார்.

"அப்ப உங்க ஒருத்தருக்கு இது போதும்."