ஆவிக்குப் பயந்த குக்கர்

ஒரு சமையலறையில் ஆவிக்குப் பயந்த குக்கர் ஒன்று இருந்தது. குக்கராகப் பிறந்துவிட்டு ஆவிக்குப் பயப்படுவது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அதற்கே தெரியும். ஆனாலும் அடுப்பில் ஏறியதும் மூடி நடுங்கும், 'வெடிக்கப்போகிறேன், இன்றோடு சரி' என்று தோன்றிவிடும். உடனே கழுத்தைச் சுற்றிய ரப்பர் வளையத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும். ஓரமாக ஆவி கசிந்து போகும். உயிர் திரும்பி வரும். விசில் மட்டும் வராது. சோறு அரைவேக்காடாகக் கிடக்கும்.

வீட்டுக்காரி அமலோற்பவம் ஒருநாள் பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "நறுக்குனு இருக்கு. கேஸ்கட்டும் மாத்தியாச்சு, ரிப்பேருக்கும் குடுத்தாச்சு. கோயில் திருவிழாவுக்கு வீடு நெறய ஆளு வரும். அதுக்குள்ள சரியாகலேன்னா எடைக்குப் போட்டுற வேண்டியதுதான்."

குக்கர் பக்கத்திலிருந்த மண்பானையிடம் சொல்லி அழுதது. பானை குறுக்கே பேசவில்லை. "சொல்லு தாயி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது. சொல்லச் சொல்லக் குக்கருக்கு உடம்பு குளிர்ந்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் அடுப்பில் ஏறியதும் பழைய நடுக்கமே வந்தது.

மேல்தட்டிலிருந்து காபி ஃபில்டர் எட்டிப் பார்த்தது. "அழுதா போதுமா? உள்ள கிடக்குறத இறக்கிப் பாக்கணும். சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும்."

இறங்கியது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில், விசில் வருவதற்கு முன்பே, ஆவி சீறியதற்கே அமலோற்பவம் "ஐயோ சேசுவே!" என்று கொல்லைக்கு ஓடியது குக்கருக்கு நினைவு வந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அது பயப்படக் கற்றிருந்தது. தெரிந்ததும் விக்கி விக்கி அழுதது. ஆனால் அதற்குள் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. சோறு இன்னும் வேகவில்லை.

ஆணியில் தொங்கிய இடுக்கி சிரித்தது. "ஃபில்டரண்ணே, நீங்க இறக்கி முடிக்கிறதுக்குள்ள அக்காவ எடைக்குப் போட்டுருவாங்க."

"ரெண்டு கால வச்சுக்கிட்டுக் கவ்வத்தான் தெரியும் உனக்கு. மனசப் பத்தி என்னடா தெரியும்?"

"மனசு தெரியாதுண்ணே. சூடு தெரியும்." இடுக்கி குக்கரின் பக்கம் திரும்பியது. "அக்கா, இதுவரைக்கும் எத்தன தடவ வெடிச்சிருக்க?"

"ஒரு தடவகூட இல்ல. ரப்பரத் தளத்திக்கிட்டேன், தப்பிச்சேன்."

"தளத்தாம இருந்து பாத்திருக்கியா?"

"பாத்தா செத்துருவேனே!"

"அப்போ அந்த ரப்பர் ஒன்னக் காப்பாத்துதா, ஒன் பயத்துக்குச் சோறு போடுதான்னு இன்னும் தெரியாது. நாளைக்கு உருளைக்கிழங்குதான், சின்ன வேலை. தளத்தாத. என்ன நடக்குதோ எனக்குச் சொல்லிக்கிட்டே இரு."

மறுநாள் ஆவி கிளம்பியது.

"நடுங்குது, தம்பி."

"நடுங்கட்டும்."

"மூச்சு முட்டுது. கொஞ்சூண்டு தளத்திக்கிறேன்டா!"

"வேண்டாங்க்கா. இன்னும் செத்த நேரம்."

மேல்தட்டிலிருந்து முணுமுணுப்பாக ஒரு குரல் வந்தது: "அது வீட்டுக்காரம்மாவோட பயம். ஒன்னோடது இல்ல."

ஆவி உச்சிக்கு ஏறியது. தலையிலிருந்த வெயிட் எகிறியது. விசில் அலறியது. குக்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெடிப்பதற்காகக் காத்திருந்தது.

வெடிக்கவில்லை. ஏறிய ஆவி தானாகவே தணிந்தது.

"அவ்வளவுதானா?" என்றது குக்கர்.

"அவ்வளவுதான். திரும்ப ஏறும். திரும்ப இறங்கும்."

பிறகு பருப்பு, கடலை, சோறு. பயம் வராமல் இல்லை. வந்தாலும் முன்போல அங்கேயே தங்கிவிடவில்லை. ஒருநாள் மட்டும் முடியாமல் வளையத்தைத் தளர்த்திக்கொண்டது. இடுக்கி திட்டவில்லை. "நாளைக்குப் பாக்கலாங்க்கா" என்றது. அந்தச் சாயங்காலம் குக்கர் பானையிடம் போய் அழுதது. அதற்குப் பானைதான் வேண்டியிருந்தது.

திருவிழா அன்று வீடு நிறைய ஆட்கள். முக்கால் வயிறு அரிசியும் தண்ணீருமாகக் குக்கர் அடுப்பில் ஏறியது. கூடத்திலிருந்து அமலோற்பவம் கத்தினாள்: "எத்தன விசில் ஆச்சு பாருங்கப்பா!"

ஃபில்டருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தட்டின் விளிம்புக்கே வந்துவிட்டது. "என்ன தாயி, எப்படி இருக்கு?"

"ஆவி ஏறுது" என்றது குக்கர், வாசலில் பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வதுபோல.