மைதானத்தில் நின்ற இரண்டு மூங்கில்

கதைக்குள் போகுமுன் இரண்டு மூங்கில் கால்களை மனதில் நட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். அப்போது 'எந்த மூங்கில்?' என்று முழிக்கக் கூடாது.

தாழையூர் மாநகராட்சியில் ஆக்கிரமிப்பு அகற்றும் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, அவர் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. மனைவி புடவை கேட்டாலும் ஆகட்டும். அந்தப் புடவை வேண்டாம் என்று மாமனார் சொன்னாலும் ஆகட்டும்.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாநகராட்சி மைதானம். போன வருஷத்து மழையில் குடிசைகளை ஆறு இழுத்துக்கொண்டு போனதும், ஆற்றங்கரைக்காரர்கள் அங்கேதான் கூடாரம் போட்டார்கள். கூரைக்குப் பழைய பிளக்ஸ் பேனர்கள். ஒரு வீட்டில் ஆளுங்கட்சித் தலைவர் வெயில் தாங்கினார், பக்கத்து வீட்டில் எதிர்க்கட்சித் தலைவர் மழை தாங்கினார். புது வீடு தயார், "அன்பார்ந்த பொதுமக்களே, சாவி விரைவில், மிக மிக விரைவில்" என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிவிட்டுப் போனது. கோடைதான் வந்தது. கூடவே சாவிக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வந்தது. உதவி ஆணையர் வசுமதி மேடம் கேமராக்களுக்கு முன்னால் கடப்பாரையை வாங்கி, மைதானத்து ஓரத்தில் பந்தலின் முதல் மூங்கில் காலைத் தன் கையாலேயே நட்டார். பலத்த கைதட்டல். கோடை போய் ஐப்பசியும் பிறந்துவிட்டது. பானைகள் காய்ந்து கிடந்தன. பந்தலைப் பிரிக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இது முதல் மூங்கில்.

கூடாரங்களைக் காலி செய்ய உத்தரவு வந்தது. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஊரின் மறுகோடியில் இன்னொன்று. அதைச் சொல்லத்தான் ஆவுடையப்பன் ஒரு காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அங்கே மாடத்தி என்பவள், மறுநாள் நடக்கவிருந்த தன் மகள் இசக்கியின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட ஆயத்தமாக இருந்தாள். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கில். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, நீங்களே நட்டுடுங்க அண்ணாச்சி என்று அதை அவர் கையில் கொடுத்தாள். ஆகட்டும் என்று நட்டார். இது இரண்டாவது மூங்கில்.

நட்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். மாடத்தி அழவில்லை.

"மாப்பிள்ளை அடுத்த கூடாரம்தான். அவன் ஒரு கட்டடம், இவ ஒரு கட்டடம்னா தாலியைத் தபால்லயா அனுப்ப, அண்ணாச்சி? தாலி ஏறுற வரைக்கும் எங்களை யாரும் இங்கேருந்து கிளப்பக் கூடாது."

ஆகட்டும் என்றார்.

வாயை மூடுவதற்குள் போன் அடித்தது. சாயங்காலம் தான் வரும்போது அந்த மைதானத்தில் ஒரு கூடாரம்கூட நிற்கக் கூடாது என்றார் வசுமதி மேடம். அதற்கும் ஆகட்டும்.

போனை வைத்தவர் முகம் பிழிந்த எலுமிச்சையாகிவிட்டது. மாடத்தி கதையைக் கேட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரெண்டு வாக்கும் நின்னாப் போச்சு என்று சொல்லிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். கூடாரங்கள் மளமளவென்று அவிழ்ந்தன. கோணி ஊசிகள் கிளம்பின. பேனரோடு பேனரைச் சேர்த்துத் தைத்து மூங்கில்மேல் ஏற்றினார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்க, மைதானத்தில் ஒரே ஒரு பெரிய கல்யாணப் பந்தல். அதன் அடியில் மொத்த ஜனமும், ஆடு கோழி உட்பட. மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்க மட்டும் இடமில்லை. அவளை ஓரத்துத் தண்ணீர்ப் பந்தலுக்குள் உட்காரவைத்து மஞ்சள் பூசினார்கள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. பின்னாலேயே லாரி, கடப்பாரைகளோடு ஆட்கள். வசுமதி மேடம் அண்ணாந்து பார்த்தார்.

"இது கூடாரத்துல இருந்த அதே துணிதானே?"

"ஆமா மேடம்."

"அதே ஆளுங்கதானே?"

"ஆமா மேடம். ஆனா கூடாரம் ஒண்ணுகூட இல்லை."

மேடம் அசரவில்லை. பந்தலானால் என்ன, மைதானத்தில் நட்டு நிற்கிற எதையும் ஒன்று விடாமல் பிடுங்கச் சொன்னார். லாரிக்காரர்கள் இறங்கவில்லை. அவர்கள் மேஸ்திரி தங்கையா தலையைச் சொறிந்தார்.

"மஞ்சள் பூசின காலு, மேடம். நட்ட கைதான் பிடுங்கணும். வேற கை தொடாது."

"நட்டது யாரு?"

மொத்தப் பந்தலும் ஆவுடையப்பனைப் பார்த்தது. நலங்குப் பாட்டு நின்றுவிட்டது.

"அப்போ நீங்களே பிடுங்குங்க," என்றார் மேடம்.

பிடுங்கினால் மாடத்திக்குக் கொடுத்த வாக்கு போச்சு. மறுக்கலாமென்றால் 'முடியாது' அவர் வாயில் வராது. ஆவுடையப்பன் மூங்கிலில் கையை வைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல 'ஆகட்டும்' என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அந்தப் பந்தலில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

அப்படியானால் சொல்லுங்கள்: 'ஆகட்டும்' என்ற பிறகு ஆவுடையப்பன் என்ன சொல்லியிருப்பார்?

விடை: "ஆகட்டும் மேடம், ஒண்ணு விடாம பிடுங்கிடலாம். நட்ட வரிசைப்படி வருவோம். முதல்ல நட்டது உங்க கை." வசுமதி மேடம் தண்ணீர்ப் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். அவர் நட்ட அதே காலில் சாய்ந்துகொண்டு, முகமெல்லாம் மஞ்சளாக, மணப்பெண் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைப் பிடுங்கினால் கூரை அவள் தலையில். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாவி வருகிற அன்றைக்கு ரெண்டையும் சேர்த்தே பிடுங்கலாம் என்றார். இந்த முறை 'ஆகட்டும்' சொன்னது மாடத்தி. சொன்னதோடு விடாமல், சாவி என்றைக்கு என்றும் கேட்டாள். மேடம் அங்கேயே போனை எடுத்தார்.