துலா இல்லாத பூ

பூவுக்கும் பூச்சிக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலைச்சரிவு ஒன்றில் இரண்டு சால்வியாச் செடிகள் அக்கா தங்கையாக நின்றன. இருவருக்கும் வெள்ளைப் பூ, அகன்ற வாய். தேனீக்கள் ஓரமாக நுழைந்து, மகரந்தத்தில் படாமலே தேனைக் குடித்துவிட்டுப் போயின. அதனால் விதை பிடிக்கவில்லை. உறைபனி விழுந்தால் செடிகள் கருகிவிடும். விதை இல்லையென்றால் வம்சம் அதோடு சரி.

அக்கா தன் பூவின் கீழுதட்டை நீட்டி, தேனீ நிற்க ஒரு படி வைத்தாள். மேலே, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவைப் போல ஒரு மெல்லிய கம்பு. தேனீ தலையை உள்ளே விட்டதும் கம்பு தாழ்ந்து அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசியது.

"என்னடி இது, கல்யாண வீடா? சந்தனமெல்லாம் பூசி விடுற!" என்றது கருப்பாயி என்ற மூத்த தேனீ.

"சாப்பிட்டவங்க வெறுமனே போகலாமா அத்தை? அடுத்த பூவுக்கும் கொஞ்சம் கொண்டுபோங்க."

தங்கையும் அதேபோல் படியும் துலாவும் வைத்தாள். அதற்குள் காற்றில் குளிர் ஏறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்ப நேரமில்லை என்று பயந்து, இருந்த மகரந்தம் முழுவதையும் உருட்டித் துலாவின் நுனியில் ஏற்றினாள்.

"பாரம் அதிகம்டி," என்றாள் அக்கா.

"உனக்கு விதை பிடிச்சாச்சு. நீ பேசுவ."

கருப்பாயி தலையை விட்டதும் துலா தடாலென்று இறங்கியது. தேனீ உருண்டு தரையில் விழுந்தது. ஓர் இறக்கை மடிந்துவிட்டது.

"விருந்துக்குக் கூப்பிட்டு அடிக்கிற வீடு இது. எங்க கூட்டத்துல ஒருத்தியும் இனி இங்கே கால் வைக்க மாட்டா," என்று சொல்லிவிட்டுக் கூட்டுக்கு நடந்தே போனது.

மறுநாள் தங்கையிடம் ஒரு தேனீயும் வரவில்லை. அவள் மகரந்தத்தை வாசல் விளிம்பில் ஒட்டிவிட்டு, துலாவை ஒடித்துப் போட்டாள். படியை மடக்கினாள். தூரத்தில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று பூவைச் சிவப்பாக்கி, குழல்போல நீட்டிக்கொண்டாள். ஒரு தேன்சிட்டு நின்று பார்த்தது.

"வாசல்ல படியே காணோம்?"

"உங்களுக்கு எதுக்குங்க படி? தண்டைப் பிடிச்சுக்கிட்டே குடிக்கலாம். மேலேருந்து எதுவும் விழாது."

சிட்டு சற்றுத் தயங்கிவிட்டு அலகை நுழைத்தது. அதன் நெற்றியில் மகரந்தம் ஒட்டியது.

அடித்தது ஒரு வெள்ளைப் பூ என்று மட்டும் நினைவு வைத்துத் தேனீக்கள் தன்னையும் ஒதுக்கிவிடக் கூடாதே என்று அக்கா நீலத்துக்கு மாறினாள். காரணத்தைத் தங்கையிடம் சொல்லவில்லை.

உறைபனி விழுந்தபோது இருவரிடமும் விதை இருந்தது.

அன்று தொடங்கித்தான் நீலச் சால்வியாவில் படியும் துலாவும் இருக்கின்றன, சிவப்பில் இரண்டும் இல்லை. அருகருகே பூத்தாலும், ஒரு வீட்டு விருந்தாளி மறு வீட்டுக்குப் போவதில்லை.