உறை பிரிக்காத வண்டி

கோயமுத்தூருக்குத் தெற்கே, ஊர் முடிந்து சோளக்காடு தொடங்கும் இடத்தில், வேகமாக வண்டி ஓட்டப் பழக்கும் தடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் வாங்குவதற்கான பயிற்சி அல்ல. லைசென்ஸ் வாங்கி, வண்டியும் வாங்கி, அதற்குப் பிறகும் தங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்து நிற்பார்கள்.

சொல்லிக்கொடுப்பவள் வான்மதி. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவள். வயது நாற்பதைத் தொடவில்லை என்றாலும், அவளைவிட மூத்தவர்கள்கூட 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் தெய்வசிகாமணி. ஐம்பத்தைந்து வயது. கிரைண்டர் கம்பெனி முதலாளி. மாவரைக்கும் கல் நிதானமாகச் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு வேகத்தின் மேல் எங்கிருந்து ஆசை வந்தது என்று கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

காரணம் அவர் மனைவி சௌந்தரம். கல்யாணமான புதிதில் இருவரும் ஸ்கூட்டரில் வால்பாறை மலை ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் வேகமாப் போங்க" என்று காதில் சொன்னாள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஐம்பத்தைந்து வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சிகாமணி ஓட்டிப் பழக வரவில்லை. கேள்வியோடு வந்திருந்தார்.

தடத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கேன்டீன். வான்மதி கண்ணாடி டம்ளரில் லெமன் டீ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கேன்டீன் மேஜையில் எலுமிச்சம்பழங்கள் குவிந்திருந்தன.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்ங்க."

"சொல்லுங்ணா."

"நீல வண்டி ஒண்ணு பாத்திருக்கேனுங்க. ரெண்டு கதவு. ஆக்சிலேட்டர மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்குது. அத லீஸுக்கு எடுக்கறதா, சொந்தமா வாங்கறதா?"

வான்மதி டீயை ஊதினாள்.

"வேற யாரக் கேட்டீங்க?"

"ஆடிட்டரக் கேட்டேன். லீஸுக்கு எடுங்க, மூணு வருசம் ஆசைதீர ஓட்டீட்டுத் திருப்பிக் குடுத்துட்டு வேற புதுசு எடுத்துக்கலாம்ங்கறாரு. மச்சான் ஒத்துக்கமாட்டேங்கறான். அடுத்தவன் வண்டிக்கு ஆயுத பூஜைல சந்தனம் வெப்பீங்களா, டெலிவரி அன்னிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவீங்களான்னு கேக்கறான். அதுவும் நியாயமாத்தான் படுதுங்க."

"அக்கா என்ன சொல்றாங்க?"

சிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ என்னத்தச் சொல்லுவா. லீஸோ சொந்தமோ, நான் ஏறமாட்டேன்னு சொல்லிட்டா."

"ஏனுங்ணா?"

"தெரியலீங்க மாஸ்டர். கேட்டா சொல்றதில்ல. இன்னிக்குப் பொள்ளாச்சில தங்கச்சி வீட்டுக்குப் போறா. வா, கொண்டுபோய் விடறேன்னு கூப்பிட்டேன். உக்கடத்துல பஸ் ஏறிக்கறேன்னு நடையக் கட்டீட்டா."

சொல்லும்போதே அவருக்கு வலித்தது. யாருக்காக இரண்டு வருஷமாக வேகாத வெயிலில் இந்தத் தடத்தைச் சுற்றுகிறாரோ, அவளே ஏறமாட்டேன் என்கிறாள். லீஸா சொந்தமா என்பது மட்டும் சரியாக முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் எப்படியோ நம்பிக்கொண்டிருந்தார். ஷோரூம்காரன் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் கொடுத்திருந்தான். இருப்பதே ஒரு நீல வண்டி. திருப்பூரில் வேறொருவர் தயாராக இருக்கிறாராம்.

"வாங்ணா, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள் வான்மதி.

சிகாமணி பழக்க தோஷத்தில் பயிற்சி வண்டியைப் பார்த்து நடந்தார். உள்ளே மெத்தை, கம்பளம் எல்லாம் உருவிப்போட்ட பழைய வண்டி அது. போன வாரம் அதில்தான் மூன்றாவது வளைவை பிரேக்கைத் தொடாமலே திருப்பி, எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

"அதில்லீங்ணா. உங்க வண்டில."

மர நிழலில் சிகாமணியின் வெள்ளைக் கார் நின்றது. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. பார்க்கிறவர்கள் போன மாதம் வாங்கியது என்பார்கள். அப்படிச் சொல்லக் கேட்பதில் அவருக்கு ஒரு பெருமை. கதவைத் திறந்தாள் வான்மதி. கதவிலும் சீட்டிலும் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வெயிலில் பழுத்து, பால் படிந்தது மாதிரி மங்கிப்போயிருந்தது.

அவள் உட்கார்ந்ததும் உறை சரசரவென்று சத்தம் போட்டது. கையில் டீ டம்ளர் அப்படியே இருந்தது.

சிகாமணி அந்த டம்ளரைப் பார்த்தார்.

"மாஸ்டர், டீயக் குடிச்சிட்டே வாங்களேன். நான் நிக்கறேன்."

"பரவால்லீங்ணா. நீங்க எடுங்க."

அவர் வண்டியை எடுத்தார். தடத்தில் ஏறினார். நேர்ச்சாலையில் மற்ற சீடர்கள் சீறிக்கொண்டு போகும் இடத்தில், கல்யாண ஊர்வலம் மாதிரி போனார். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் டம்ளரில். முதல் வளைவுக்கு வெகுதூரம் முன்பே பிரேக்கில் கால் போய்விட்டது. இரண்டாவது வளைவில் சக்கரத்துக்கடியில் ஒரு சின்னக் கல் தெறித்து வண்டிக்கு அடியில் டிக்கென்று பட, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

மூன்றாவது வளைவு வந்தது. போன வாரம் கைதட்டல் வாங்கிய வளைவு. சிகாமணி அதைப் பள்ளிக்கூட வாசலைக் கடப்பதுபோலக் கடந்தார்.

வான்மதி ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, டம்ளரில் இருந்த டீ முழுவதையும் நிதானமாகத் தனக்குப் பக்கத்தில் சீட்டின் மேல் ஊற்றினாள்.

"ஐயோ மாஸ்டர்!"

வண்டி கேன்டீனுக்கு எதிரே குலுங்கி நின்றது. சிகாமணி கைக்குட்டையை உருவினார், அது போதாமல் பின்னால் கிடந்த துணியைத் தாவி எடுத்தார். முகம் வேர்த்துவிட்டது. டீ பிளாஸ்டிக்கின் மேல் குளமாக நின்று, மெல்ல வழிந்து, கால்மிதியில் சொட்டியது.

"என்னாச்சுங்ணா?" என்றாள் வான்மதி.

"சீட்டுங்க! சீட்டு நனைஞ்சிருச்சு!"

"பிளாஸ்டிக் இருக்குதே."

சிகாமணியின் கை பாதியில் நின்றது. துணியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். உறைக்கு அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அப்பறம் எதுங்ணா நனைஞ்சுது?"

அவர் துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏதோ பிடிபட்டவர்போல நிமிர்ந்தார்.

"புரிஞ்சுதுங்க மாஸ்டர். உங்க வண்டின்னா நல்லா ஓட்டறேன். என் வண்டின்னா கை வரமாட்டேங்குது. அப்ப லீஸுக்கு எடுக்கச் சொல்றீங்க. அடுத்தவங்க வண்டின்னா பயமிருக்காது."

"மூணு வருசங் கழிச்சுத் திருப்பிக் குடுக்கறப்ப என்ன பண்ணுவாங்க?"

"டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. எங்கெங்க கீறல்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்க்கும் ஆளை இப்போதே அவருக்குத் தெரிந்தது. அந்த ஆளுக்குப் பயந்து மூன்று வருஷம் எப்படி ஓட்டுவார் என்பதும் தெரிந்தது.

"அப்ப... சொந்தமாவே வாங்கிடறதுங்களா?"

"இது சொந்தந்தானே?"

"ஆமாங்க."

"பிளாஸ்டிக் யாருக்குங்ணா?"

"விக்கறப்ப நல்லாப் போகும்ங்க. உள்ள புதுசு மாதிரி இருந்தா வாங்கறவங்க கண்ண மூடீட்டு எடுப்பாங்க."

"வாங்கறவரு பேரென்னங்ணா?"

"யாருங்க?"

"இத வாங்கறவரு."

"அது எப்படீங்க தெரியும்?"

"பஸ்ஸுல போறவங்க பேரு?"

சிகாமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஷோரூமிலிருந்து போன் வந்தது. ஒலித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை.

அவருக்கு ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு காலை ஞாபகம் வந்தது. டெலிவரி எடுத்த நாள். ஷோரூம் பையன் உறையைக் கிழிக்கக் கத்தியோடு வந்தான். 'இருக்கட்டும் தம்பி, விடு' என்று இவர்தான் தடுத்தார். கையில் தாம்பாளத்தோடு நின்ற சௌந்தரம், 'பிரிச்சாத்தானே கலர் தெரியும்' என்றாள். 'அப்பறம் பாத்துக்கலாம்' என்றார் இவர். பிறகு போகும்போதெல்லாம் பிளாஸ்டிக் சூட்டில் முதுகு வேர்த்து, சேலை ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் முறுக்கு சாப்பிட்டாள் என்று சிடுசிடுத்தார். மழையில் நனைந்து ஓடிவந்தவளை, வீட்டு வாசலிலேயே நிறுத்தித் துவட்டிவிட்டு ஏறச் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. எதுவும் சொல்லாமல் இருந்ததை, குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

அவர் இறங்கி, சுற்றி வந்தார். வான்மதி இறங்கி வழிவிட்டாள்.

முன்சீட்டு உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஆறு வருஷப் பிடிப்பு; லேசில் வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். பட்டாசு வெடிப்பதுபோலச் சத்தத்தோடு கிழிந்து கையோடு வந்தது.

உள்ளே கருப்பட்டி நிறத்தில் சீட்டு இருந்தது.

சிகாமணி அதைப் பார்த்தபடி நின்றார். சாம்பல் நிறம் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். ஷோரூமில் துணி மாதிரிகளை மடியில் பரப்பிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்து இதை எடுத்தது சௌந்தரம். எடுத்துக் கொடுத்தவள் ஒருநாள்கூட இதைப் பார்த்ததில்லை.

உள்ளங்கையைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தார். மெத்தென்று இருந்தது.

போனை எடுத்தார்.

"சௌந்தரம், பஸ் ஏறிட்டியா?"

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "ஒண்ணு கூட்டமாப் போச்சு. அடுத்ததுக்கு நிக்கறேன். என்னங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அங்கயே நில்லு. நான் வர்றேன்."

"எதுக்குங்க? நானே போய்க்குவேன். இந்த வெயில்ல அந்த பிளாஸ்டிக்ல யாரு உக்காந்து..."

"பிரிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு நடத்துனர் 'பொள்ளாச்சி, பொள்ளாச்சி' என்று கத்துவது மட்டும் கேட்டது. சிகாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"முறுக்கு வாங்கிருக்கேன்" என்றாள் அவள் கடைசியில். "தங்கச்சிக்கு."

"வழில நாம சாப்பிட்டுக்கலாம். அவளுக்கு வேற வாங்கிக்கலாம்."

போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகம் முழுவதையும் சேர்த்துத் துடைத்தார். மிச்ச உறைகளையும் உரித்து, எல்லாவற்றையும் அள்ளிச் சுருட்டிக் கேன்டீன் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பினார். அப்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாஸ்டர், ஷோரூம்காரன் சாயங்காலம் கேப்பான். அந்த நீல வண்டி... லீஸுங்களா, சொந்தமுங்களா?"

வான்மதி அவர் பக்கம் திரும்பவில்லை. கேன்டீனுக்குப் போனாள். மேஜையிலிருந்து நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குனிந்து ஒவ்வொன்றாக வைத்தாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"இந்த வண்டிய முதல்ல டெலிவரி எடுங்ணா."