அப்பாவைக் கவிழ்த்த இளவரசி

செம்பொறை நாட்டை ஆண்ட அழகியராயருக்குத் தன் முகத்தின்மேல் அப்படியொரு ஆசை! பொன், வெள்ளிப் பணம், செப்புக்காசு என்று நாட்டில் ஓடிய மூன்று நாணயத்திலும் அவர் முகம்தான், முறுக்கிய மீசையோடு. அதுவே வினையாகப் போயிற்று, கேளுங்கள்.

அவருடைய ஐந்து வயது மகள் வல்லிக்குக் காசு பார்த்து எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டும். வேலை பொக்கிஷதார் அம்பலவாணர் தலையில் விழுந்தது. அவர் ஒரு பொன்னை நீட்டி, "இது என்னம்மா?" என்றார்.

"அப்பா!"

வெள்ளிப் பணத்தை நீட்டினார். "இது?"

"வெள்ளை அப்பா!"

ஏழு செப்புக்காசை வரிசையாக வைத்தார். "எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"ஏழு இருக்கேம்மா!"

"அப்பா ஒருத்தர்தானே மாமா? உங்களுக்கு மட்டும் ஏழா?"

வாசலில் நின்ற காவலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பொக்கிஷதாருக்கு மானமே போயிற்று. "எனக்கு வேண்டாமய்யா இந்த வேலை" என்று ஒதுங்கிவிட்டார்.

அரசர் விகடகவி குழைக்காதரைக் கூப்பிட்டார். "நாலு நாளில் இவளுக்குப் பிறந்தநாள். தன் கையாலேயே எண்ணி ஊராருக்குத் தானம் கொடுக்கப் போகிறாள். அதற்குள் கற்றுக்கொள்ளவில்லை என்றால், உமக்கு விட்ட மானிய நிலம் எனக்கே திரும்பும்!"

 குழைக்காதர் வீட்டில் எட்டு வாய். அந்த நிலம்தான் சோறு.

முதல் நாள் முழுக்க "அப்பா, அப்பா" என்றே போயிற்று. சாயங்காலம் ஒரு செப்புக்காசு அவர் கை தவறிக் குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் ஒரு யானை! மற்றதையும் அவசரமாகத் திருப்பினார். வெள்ளியில் மீன், பொன்னில் மயில். "அடடா, பிழைத்தேன்!" என்று மனிதர் துள்ளிக் குதித்தார்.

மூன்றாம் நாள், என்னதான் நடக்கிறதென்று அம்பலவாணர் கதவில் காதை வைத்தார். உள்ளே குழைக்காதர் குரல் கேட்டது.

"முதல் வேலை என்ன?"

"அப்பாவைக் கவிழ்க்கணும்!"

"கவிழ்த்தாச்சா?"

"கவிழ்த்தாச்சு! குப்புற விழுந்துட்டார்!"

"சபாஷ்! இனி யானையெல்லாம் நம்ம பக்கம்!"

அம்பலவாணர் வேட்டி தடுக்க அரசரிடம் ஓடினார். "சதி, பிரபு! யானைப்படையும் அந்த விகடகவி பக்கமாம்!"

குழைக்காதரைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அரசர் மீசை துடித்தது. "என்னைக் கவிழ்க்கச் சொன்னீரா?"

"சொன்னேன், பிரபு."



"யாரோடு சேர்ந்து?"

"இளவரசியோடு. மூன்று நாளில் நாற்பது தடவையாவது கவிழ்த்திருப்போம். உத்தரவானால் இங்கேயே கவிழ்த்துக் காட்டுகிறோம். கொஞ்சம் சில்லறை மட்டும் வேண்டும்."

அரசருக்கு ஒன்றும் புரியவில்லை. சில்லறை வந்தது. வல்லி சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் முகங்களை டப்டப்பென்று குப்புறத் தள்ளினாள். பிறகு விரல் வைத்து எண்ணினாள். "ஏழு யானை, மூணு மீன், ஒரு மயில்! ஏழு செப்புக்காசு, மூணு வெள்ளிப் பணம், ஒரு பொன்!"

"பத்து யானை கொடுத்தால்?" அரசர் தன்னை மறந்து கேட்டார்.

"ஒரு மீன் வாங்கலாம்பா!"

அரசருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்பலவாணர் விடுவாரா? "என்ன இருந்தாலும் தங்கள் திருமுகத்தைத் தரையில் குப்புறத் தள்ளியிருக்கிறான், பிரபு! இது அவமானமில்லையா?"

அரசர் முகம் சட்டென்று சுருங்கியது. அது அவருக்கும் உறைத்தது. "என்ன சொல்கிறீர், குழைக்காதரே?"

குழைக்காதருக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் நாக்கு வேர்க்கவில்லை.

"பிரபு, மற்ற நாட்டு ராஜாக்கள் ஒரே ஒரு தடவை கவிழ்ந்தாலும் போதும், அப்புறம் செல்லாக்காசுதான். எங்கள் ராஜா நாற்பது தடவை குப்புற விழுந்தும் மதிப்பில் இம்மி குறையவில்லையே!"

அரசர் மீசை அவிழ அவிழச் சிரித்தார். "நிலம் உமக்கே! யோவ் பொக்கிஷதாரே, இவருக்கு நூறு மயில் எண்ணிக் கொடும்!"