போட்டிக்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர்

வில்லாளிகளின் குருவைவிடச் சீடன் கொம்பையாவுக்கு ஐந்தாறு வயது கூடுதல். தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வாய் நிறைய "ஐயா" என்றுதான் கூப்பிடுவான்.

அன்று சாயங்காலம் அவன் பயிற்சிக் களத்துக்கு வந்தபோது குரு அம்புகளுக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தார். விடிந்தால் சண்டை. எதிரிகளிடம் துப்பாக்கி இருந்தது. இந்தப் பக்கம் வில்லாளிகள் போனால் போதும் என்று பாளையக்காரர் முந்தின நாள்தான் முடிவு செய்திருந்தார்.

வில்லா துப்பாக்கியா என்று பார்க்க ஒரு போட்டி வைத்திருந்தார். கம்பத்தின் மேல் மண்பானை. கொம்பையாவின் அம்பு அதைச் சுக்குநூறாக்கியது. செக்கு ஓட்டிக்கொண்டிருந்துவிட்டுப் புதிதாகத் துப்பாக்கி பிடித்த பேச்சிமுத்துவுக்குத் திரி பற்றவே இல்லை. திரி பற்றாமல் மருந்து எப்படி வெடிக்கும்?

"போய் மாட்டை ஓட்டுலே!" என்று சனம் சிரித்தது.

கொம்பையா குருவின் எதிரே உட்கார்ந்தான்.

"வில் எத்தனை காலமா இருக்கு, ஐயா?"

"யார் கண்டா? முதல்ல மானுக்காக வளைச்சான். அப்புறம் மனுசனை அடிச்சான். எட்ட நின்னு கொல்ற பேடின்னு ஈட்டிக்காரன் திட்டினான். தேர் வந்துச்சு, போச்சு. யானை வந்துச்சு. வில் நின்னுச்சு."

"இனியும் நிக்குமா?"

"நேத்து ஜெயிச்சவர் நீர். என்கிட்ட கேக்கிறீரே, ஓய்."

கொம்பையா மண்ணைப் பார்த்தான். மழையில் நாண் தொய்ந்துவிடும் என்று மாற்று நாணைக் கொண்டைக்குள் முடிந்து வைக்கிற கூட்டம் அவர்களுடையது. ஈரம் எதைக் கெடுக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போட்டிக்கு முன்னால பேச்சிமுத்துக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தேன். அவன் குடிச்சிட்டு முகம் துடைக்கத் திரும்பினான். சொம்புல இருந்த மிச்சத்தைத் திரி மேல ஊத்திட்டேன்."

குருவின் விரல்கள் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"தோத்த பிறகு வந்து என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான், ஐயா. 'என்ன கை அண்ணாச்சி உங்களுக்கு!'ன்னான்."

"ம்."

"நாளைக்கு நம்ம ஆளுங்க அத்தனை பேரும் குண்டுக்கு நேரா போய் நிப்பாங்க. நீங்களும்தான்."

"நானும்தான்."

"பாளையக்காரர்கிட்ட சொன்னா என் தலை போகும். போனாப் போகட்டும். ஆனா வில்லே போயிடுமே! இத்தனை காலத்து வில், இந்தக் கொம்பையாவால போச்சுன்னு ஆயிடுமே."

குரு அம்பைக் கீழே வைத்தார்.

"திரியை நனைக்கும்போது, உம்ம அம்பு மேல உமக்கு நம்பிக்கை இருந்துச்சா?"

"இல்லை" என்றான் கொம்பையா. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நீர் சொம்பைச் சாய்ச்சதை நான் பார்த்தேன்" என்றார் குரு.

கொம்பையா திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"பார்த்தீங்களா? பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

குரு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கொம்பையாவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"துப்பாக்கி வெடிக்கலைன்னதும் முதல்ல கை தட்டினவன் நான், ஓய். எழும்பும். பாளையக்காரர்கிட்ட நான் முதல்ல சொல்றேன்."